பஞ்சில் சிக்காத கொக்கி

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. போனில் பேசலாம்தான். பேசினால் எனக்கு வாய் தடித்துவிடும். அப்புறம் என் மகளும் உங்கள் பிள்ளையும் நடுவில் நின்று விழிக்கவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பட்டறையில் கரண்டிகளோடு கூடவே பூட்டுத் திறக்கும் கருவிகளும் செய்யப்போகிறோம் என்று சொல்லி, போன மழைக்காலத்தில் ஒரு பெட்டி அனுப்பினீர்கள். எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் சாவியில்லாமல் பூட்டைத் திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். அவரவர் காசு கொடுத்து வாங்கிய பூட்டை மேஜையில் வைத்துத் திறப்போமே தவிர, ஊரான் வீட்டுக் கதவில் கை வைக்கமாட்டோம். எந்தக் கருவியை வாங்கலாம், எதைக் குப்பையில் போடலாம் என்று மாதமடலில் எழுதுகிறவள் நான். ஆஸ்பத்திரி அறுவை அறையில் கத்தியையும் இடுக்கியையும் துடைத்துப் பார்த்து, "இது போகலாம், இது போகக்கூடாது" என்று பிரித்தே தலை நரைத்தவள். சம்பந்தி வீட்டுச் சரக்கு என்று நான் ஒரு சலுகையும் காட்டவில்லை. கொக்கி வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. பூட்டைத் திருப்பும் நெம்புக்கம்பி முறுக்கிக்கொள்ளவில்லை. "வாங்கலாம்" என்று எழுதினேன். நான் அந்த வார்த்தையை எழுதுவது அபூர்வம்.

போன வாரம் அதே பெட்டியைக் கடையில் வாங்கினேன். திறந்ததும் கைப்பிடி ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைத்தது. தொட்ட விரல் கறுத்தது. சாதாரணப் பூட்டு ஒன்றில் கொக்கியை விட்டு, உள்ளே வரிசையாக இருக்கும் பின்களில் முதலாவதைத் தூக்கினேன். நனைந்த தீக்குச்சி போல மடங்கிக்கொண்டது. பின்னைத் தூக்கவேண்டிய கொக்கி பின்னுக்குக் கும்பிடு போடுகிறது! நெம்புக்கம்பியைப் பற்றி எழுதவே கூசுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெட்டி மூடியில் "சங்கத் தேர்வாளர் சோதித்துப் பரிந்துரைத்தது" என்று பொன் எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? நான் சோதித்த சரக்கு வேறு, நீங்கள் விற்கிற சரக்கு வேறு. அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு. என் வார்த்தையை நம்பிச் சங்கம் உங்கள் பெட்டியைத்தான் எல்லோருக்கும் கொடுக்கப்போகிறது. பதில் எழுதுங்கள்.

சம்பந்தியம்மா


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்த தபால்காரருக்குக் கை வெந்திருக்கும், அவ்வளவு சூடு.

இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண்ணில் புரை எடுத்தது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து பட்டறைப் பக்கம் அதிகம் போகவில்லை. தூசி ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் துரை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பையன் கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிக்கிறான். தகடு வாங்குவது, ஆட்களை வேலை வாங்குவது, பெட்டி கட்டுவது எல்லாம் மருமகள் கையில். கெட்டிக்காரி. உங்கள் வளர்ப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரம் பெட்டி போனால் அதில் ஒன்று சொத்தையாக இருக்கும். உங்கள் கைக்கு அது வந்திருக்கிறது, என் நேரம். அதுவும்போக, புதிதாகப் பழகுகிறவர்கள் பூட்டைத் திறக்கிறார்களா, கிணறு தோண்டுகிறார்களா என்றே தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

மூடியில் உங்கள் பரிந்துரையைப் போட்டது எனக்குத் தெரியாது. போட்டால்தான் என்ன, நீங்கள் எழுதியதுதானே? பெண் கொடுத்த வீட்டைப் பற்றி மாதமடலில் கறுப்பு மையில் ஏறினால், நாளைக்கு நாம் ஒரு விசேஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் எப்படி உட்காருவது? வேறு பெட்டி அனுப்புகிறேன். கோபத்தைத் தூக்கிப் போடுங்கள்.

அன்புடன்,
சம்பந்தி


மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

கூடம் கோணல்தான். அளந்துவிட்டேன்.

நீங்கள் அனுப்புகிற பெட்டி எனக்கு வேண்டாம். நீங்கள் எனக்கென்று பொறுக்கி அனுப்புவதைப் பார்த்துத்தானே ஒருதரம் ஏமாந்தேன். வெவ்வேறு கடைகளில் ஆள்விட்டு வாங்கினேன். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

எங்கள் சங்கத்தில் ஈரக்கை என்று ஒருவர் இருக்கிறார். அவர் கை எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும். துரு பார்க்க அவரை விட நல்ல இயந்திரம் கிடையாது. புதுக் கருவி எது வந்தாலும் ஒரு நாள் அவர் கையில் கொடுத்து வைப்போம். உங்கள் கொக்கியை வாங்கியவர் மறுநாளே கொண்டுவந்து, "ஏங்க, இத எங்கயாவது கெணத்துலேர்ந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார். கைப்பிடியை இணைக்கும் ரிவெட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம். ரப்பர் கழன்று அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

வளைந்ததை நிமிர்த்தினேன். மறுபடி வளைந்தது. இன்னொரு தரம் நிமிர்த்தியபோது கழுத்தில் ஒடிந்து விழுந்தது. ஸ்பிரிங் தகடு இப்படி நடந்துகொள்ளாது. அப்படியானால் இது என்ன தகடு என்று பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அடியில், மெருகுக்குக் கீழே, மெல்லிசாக ஒரு பூ. பக்கத்தில் பாதி இலை. உங்கள் பட்டறைக் கரண்டிக் காம்பில் இருக்குமே, அதே பூ. கழித்துப்போட்ட கரண்டிகளைத் தட்டையாக்கி, தேய்த்து மெலிதாக்கி, கொக்கி வடிவத்தில் வெட்டி, என் பரிந்துரையை மூடியில் எழுதி விற்றிருக்கிறீர்கள். குழம்பு ஊற்றுகிற காம்பால் பூட்டைத் திறக்கச் சொல்கிறீர்கள். சீ! எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ அழுக்கைப் பார்த்தவள் நான். அந்த அழுக்கு தண்ணீர் விட்டால் போய்விடும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பஞ்சுத் திரியை எடுத்து ஒவ்வொரு கொக்கியின் ஓரத்திலும் இழுத்துப் பார்த்தேன். பிசிறு இருந்தால் நூல் சிக்கும். எதிலும் சிக்கவில்லை. இவ்வளவு கேவலமான தகட்டுக்கு இவ்வளவு பொறுமையாக யார் ஓரம் தேய்த்தது? பிணத்துக்குப் பல் விளக்கியதுபோல இருக்கிறது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் சங்கத்தில் புதிது. தினமும் பயன்படுத்துகிற பூட்டில் பழகாதே என்பது எங்கள் முதல் விதி. ஆர்வக்கோளாறில் அதை மீறி, வீட்டு அலமாரியில் முயன்றிருக்கிறார். நுனி ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. உள்ளே அவர் அம்மாவின் சர்க்கரை மருந்து. அலமாரிக் கதவைக் கடப்பாரையால் பெயர்த்திருக்கிறார்கள். என்னிடம் வந்து கோபப்படக்கூட இல்லை. "நீங்க எழுதுனதப் பாத்துத்தாங்க வாங்கினேன்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வரும் மடலில் எழுதப்போகிறேன். பூவையும் எழுதுவேன். என் மகள் கையாலேயே அந்தக் குப்பையைப் பெட்டி கட்ட வைத்தீர்களே, அதற்காக உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

சம்பந்தியம்மா


மார்ச் 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. நானே பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன்.

கடைகளில் இருக்கும் பெட்டிகளை எல்லாம் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டேன். பையன் போயிருக்கிறான். வேன் ஓட்டுகிறவர் வீட்டு அலமாரிக்குத் தச்சரை அனுப்புகிறேன். விலாசம் மட்டும் தெரிவியுங்கள்.

மடலில் எழுதுங்கள். தடுக்கமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். பட்டறை என்றோ குடும்பம் என்றோ எழுதவேண்டாம். செய்தது நான், ஏமாற்றியது நான் என்று என்னை மட்டும் எழுதுங்கள். எப்படி நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று கிளறவேண்டாம். தயவுசெய்து.

சம்பந்தி


மார்ச் 24

சம்பந்தி அவர்களுக்கு,

கிளறவேண்டாமாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோற்றைக் கிளறாதே என்கிறீர்கள்.

குட்டு உடைந்தபிறகு பெரிய மனுஷர் மாதிரி "நான்தான், என்னை மட்டும் எழுதுங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்துவது எனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரியில் மழுங்கின கத்தி விற்ற கம்பெனிக்காரர்கள்கூட மாட்டிக்கொண்டதும் இப்படித்தான் வந்து கைகட்டி நிற்பார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தபோது வந்த குமட்டல்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்தபோதும் வந்தது.

நேற்று மகளுக்குப் போன் செய்தேன். "என்னடி நடக்குது அங்க?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மாமாவ ஒண்ணும் சொல்லாதம்மா. அவரு பாவம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னிடம் எதிர்த்து எதிர்த்துப் பேசுகிறவள் அவள். அந்த வாயை எப்படி அடைத்தீர்கள்? மாமனாரின் திருட்டை மருமகள் தலையில் தூக்கிச் சுமக்கவேண்டும் என்று உங்கள் வீட்டில் சட்டமா?

நான் ஒரே மகளைப் பெற்றவள். அவளைப் பயந்து பயந்து வாழ உங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. மடல் அச்சானதும் நேரே வருகிறேன். பெட்டி படுக்கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் அவரும் வரட்டும். உங்களோடு எனக்கு இனி பேச்சில்லை.


மார்ச் 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் வந்து அவள் முகத்தைப் பார்த்து, நடு வீட்டில் தெரிந்துகொள்வதைவிட, தனியாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்வது மேல் என்று படுகிறது.

கரண்டிக் காம்பை எடுத்தது உங்கள் மகள்.

நான் கண்கட்டோடு படுத்திருந்த சமயம். ஸ்பிரிங் தகடு வரவேண்டியது வரவில்லை. கடைக்காரர்கள் நச்சரித்திருக்கிறார்கள். பையனிடமும் சொல்லாமல், மூலையில் கிடந்த கழிவுக் கரண்டிகளைத் தட்டச் சொல்லியிருக்கிறாள். தகடு அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டுகிறவர், "அம்மா, இது வளையும்மா" என்று சொல்லியிருக்கிறார். "பாக்க அப்படியேதானே இருக்கு, நீங்க அடிங்க" என்றாளாம். மூடியில் உங்கள் பரிந்துரையைப் போட்டதும் அவள்தான். உங்கள் முதல் கடிதம் வந்தபோது இது எனக்குத் தெரியாது. இரண்டாவது கடிதத்தில் பூ என்று எழுதினீர்களே, அதைப் பிடித்துக்கொண்டு கேட்டபிறகுதான் சொன்னாள்.

பிசிறு எடுத்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். அவளேதான். வேலையாட்கள் போனபிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறாள். "அம்மா பஞ்சு வெச்சுத்தான் மொதல்ல பாப்பாங்க" என்றாள்.

நான் திட்டினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. மழைக்காலத்தில் உங்களுக்கு வந்த பெட்டி இருக்கிறதே, நீங்கள் "வாங்கலாம்" என்று எழுதியது, அதுவும் அவள் கையால் செய்ததுதான். நல்ல தகட்டில், நல்லபடியாகச் செய்தது. தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்றாள். சொன்னால் நீங்கள் இன்னும் கடுமையாகப் பார்ப்பீர்களாம். "சின்ன வயசுலேர்ந்து நான் எது செஞ்சாலும் அம்மா பூதக்கண்ணாடியத்தான் எடுப்பாங்க மாமா. ஒரு தடவ பாஸாயிட்டேன். அந்த வார்த்தைய மூடியில போடாம இருக்க முடியல. போட்டப்புறம் தகடு இல்லன்னு நிறுத்தவும் முடியல."

உங்கள் முன்னால் அவள் தலை குனியக்கூடாது என்றுதான் என்னை எழுதச் சொன்னேன். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். கரண்டி வியாபாரத்தில் கும்பிடு வாங்கியதைவிடத் திட்டு வாங்கியதுதான் அதிகம். இப்போதும் அதையே கேட்கிறேன். என்னை எழுதிவிட்டுப் போங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 4

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கரண்டித் தகட்டுப் பெட்டியை மறுபடி எடுத்தேன். பஞ்சை எடுத்து இழுத்துப் பார்த்தேன். அப்போதும் சிக்கவில்லை. ஓரத்தை ஒரே பக்கமாகத் தேய்க்கவேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் பிசிறு மடங்கி ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். என் கையைக் கொண்டே என் கண்ணைக் குத்தியிருக்கிறாள்.

உங்களைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மழுங்கின கத்தி விற்றவர்களோடு உங்களைச் சேர்த்தது பெரிய தப்பு. மன்னியுங்கள்.

ஆனால் அருவருப்பு போகவில்லை சம்பந்தி. போன கடிதம் வரை அதை உங்கள் தலையில் கொட்டிவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது கொட்ட இடமில்லை. ஊரான் செய்தால் காறித் துப்பலாம். பெற்றது செய்தால் எங்கே துப்புவது? மல்லாந்து படுத்துத் துப்பவேண்டியதுதான். அவள் அழுததை எழுதியிருந்தீர்கள். வேன் ஓட்டுகிறவரின் அம்மா மருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவும் அழுதிருப்பார்களே. என் பூதக்கண்ணாடி மேல் பழி போடுகிறாளாம். கண்ணாடி பூவைக் காட்டியது. பூவை அங்கே வைத்தது யார்?

உங்கள் வேண்டுகோளை நான் ஏற்கவில்லை. செய்யாதவர் பெயரை எழுதி இன்னொரு பொய்ப் பெட்டி கட்ட எனக்குத் தெம்பில்லை. மடலுக்குக் கொடுத்துவிட்டேன். அப்படியே நகல் எடுத்து எழுதுகிறேன்:

"இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பூட்டில் விடாதீர்கள். தகடு ஸ்பிரிங் தகடு அல்ல, கழிவுக் கரண்டி. வளையும், நிமிராது, கழுத்தில் ஒடியும், ஒடிந்தது உள்ளே தங்கும். ரிவெட் துருப்பிடிக்கும். கைப்பிடி கையோடு வரும். ஓரம் மட்டும் சுத்தம். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பு நான் புகழ்ந்தது வேறு தகட்டில் செய்த பெட்டி. மூடியில் உள்ள பரிந்துரை நான் கொடுத்தது அல்ல. இதைச் செய்தவர் என் மகள். இனி இந்தப் பக்கத்தை வேறொருவர் எழுதுவார்."

ஆமாம், தேர்வாளர் வேலையை ஈரக்கையிடம் கொடுத்துவிட்டேன். அவர் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைப்பார், ஆனால் அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று எழுதியிருந்தேன். வரவில்லை. அவளையும் இங்கே அனுப்பவேண்டாம். அந்த முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. போனையும் எடுக்கமாட்டேன் என்று சொல்லுங்கள்.

சம்பந்தியம்மா


ஏப்ரல் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மடல் வந்தது. பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தாள். "செய்தவர் என் மகள்" என்ற இடத்தை இன்னொரு தரம் படித்தாள். "எழுதிட்டாங்க மாமா" என்றாள், அவ்வளவுதான். அழவில்லை. திரும்பி வந்த பெட்டிகளை எல்லாம் உடைத்து உருக்க அனுப்பிவிட்டு, மூடிகளை அவள் கையாலேயே எரித்தாள். வேன் ஓட்டுகிறவர் வீட்டுக்குப் பையனோடு போய் நின்றாள். அந்த அம்மா நன்றாகவே திட்டினார்களாம். சரிதான்.

நீங்கள் அனுப்பவேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கிறாள். நானும் தடுக்கவில்லை. நீங்கள் என் பேச்சைக் கேட்காமல் மடலில் எழுதினீர்கள் அல்லவா, நான் உங்கள் பேச்சைக் கேட்காமல் அவளை அனுப்புகிறேன். கணக்கு சரியாகிவிட்டது.

"அம்மா தொறக்கலன்னா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டேன். உங்களிடமே பூட்டுத் திறக்கப் பழகியவள், உங்கள் வீட்டு வாசல் பூட்டைத் திறக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஒரு கம்பிகூட எடுத்துட்டுப் போகல மாமா. தட்டுவேன். தட்டிட்டு நிப்பேன்" என்றாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அவள் கையிலேயே கொடுத்து, உங்கள் கையில்தான் கொடுக்கவேண்டும், கதவிடுக்கில் போடக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். ஆகவே இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கதவைத் திறந்துவிட்டீர்கள். அவள் இன்னும் வெளியேதான் நின்றுகொண்டிருப்பாள், நீங்கள் சொல்லாமல் வரமாட்டாள். வெயிலில் வந்திருக்கிறாள். முதலில் உள்ளே கூப்பிட்டுக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

சம்பந்தி